தோல்பூர் இல்லத்தில் அரை மணி நேரம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சாப்பாட்டுக்கு முன்னால் இருபத்தைந்து நிமிடம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பசி வந்தால் பத்தும் பறந்து போகும், என் பேச்சு பதினோராவதாகப் பறக்கும் என்பது எனக்கும் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். முதலிய பணிகளுக்கான குடிமைப் பணித் தேர்வின் கடைசிப் படி நேர்முகத் தேர்வு. தேர்வாணையம் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஆளுமைத் தேர்வு. நாம் எல்லோரும் சொல்வது இண்டர்வியூ. அதை எப்படி எதிர்கொள்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு சில ஆண்டுகளாக, டெல்லிக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கான மாதிரி நேர்முகத் தேர்வுகளில், கேள்வி கேட்கிற பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். அங்கே பார்த்ததை வைத்துத்தான் பேசப் போகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2023ஆம் ஆண்டுத் தேர்வில் முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் 5,92,141 பேர். மெயின் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் 14,624. நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் 2,855. பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,016. அதாவது டெல்லி வரை போனவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பத்தாறு பேருக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஆறு லட்சத்தில் ஒருவராக இருந்தவர், அந்த வாசலுக்கு வரும்போது மூன்றில் ஒருவராகிவிடுகிறார்.

மதிப்பெண் கணக்கு இன்னொன்று. எழுத்துத் தேர்வுக்கு 1,750, நேர்முகத்துக்கு 275, ஆக மொத்தம் 2,025. இது 2013 முதல் உள்ள முறை. நம் காலத்தில் எழுதியவர்களுக்கு நினைவிருக்கும், 1993க்கு முன்பு நேர்முகத்துக்கு 250, அதற்குப் பின் 300. இதற்குக் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண் என்று எதுவும் கிடையாது. 2023இல் பொதுப்பிரிவில் நேர்முகத்துக்கு அழைக்கப்பட எழுத்துத் தேர்வில் 741 வேண்டியிருந்தது. இறுதிப் பட்டியலில் இடம்பெற மொத்தம் 953. 741 மட்டும் வாங்கிவிட்டு டெல்லிக்குப் போனவர் நேர்முகத்தில் 212 வாங்கினால்தான் பட்டியலுக்குள் வர முடியும். 2022லும் இதே இடைவெளிதான், 748க்கும் 960க்கும் நடுவே 212. இந்த 212 என்பது மிக மிக அரிதாகக் கிடைக்கும் மதிப்பெண்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. இண்டர்வியூவில் பேசிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று எழுத்துத் தேர்வை அலட்சியம் செய்தவரை எந்த வாய்ச்சாலகமும் காப்பாற்றாது. அதே சமயம், எழுத்தில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கிடையே, யாருக்கு ஐ.ஏ.எஸ்., யாருக்கு வேறு பணி, யாருக்கு ஒன்றுமே இல்லை என்பதை அந்த அரை மணி நேரம் பெரிய அளவில் மாற்றிவிடுகிறது. ஏனென்றால் நேர்முகத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் ஐம்பது, அறுபது மதிப்பெண் வித்தியாசம் வருவது சாதாரணம். எழுத்துத் தேர்வில் அந்த ஐம்பதைச் சேர்க்க எத்தனை இராத்திரி கண் விழிக்க வேண்டும் என்று எழுதியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, அங்கே என்னதான் நடக்கிறது? புது டெல்லி ஷாஜகான் சாலையில் தோல்பூர் இல்லம் என்று ஒரு கட்டடம். காலையில் ஒரு பிரிவு, மதியம் ஒரு பிரிவு. சான்றிதழ்களைச் சரிபார்ப்பார்கள். கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். உங்களை எந்தக் குழு பார்க்கப் போகிறது என்பது அன்றைக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். ஆகவே, "யார் மூலமாகவாவது சொல்லி வைக்கலாமா சார்?" என்று கேட்கிற பெற்றோர்களுக்கு என் பதில், அந்தப் பணத்துக்குப் பிள்ளைக்கு நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்கள் என்பதுதான். குழுவின் தலைவர் தேர்வாணைய உறுப்பினர்களில் ஒருவராக இருப்பார். அவரோடு வழக்கமாக நான்கு பேர். நீங்கள் எழுத்துத் தேர்வில் எவ்வளவு வாங்கினீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் முன்னால் இருப்பது உங்களைப் பற்றிய விவரக் குறிப்பு ஒன்றுதான்.

தேர்வாணையத்தின் அறிவிக்கையிலேயே இந்தத் தேர்வு எதற்காக என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பத்தியைப் படிப்பதே இல்லை. உங்கள் பொது அறிவையோ பாட அறிவையோ சோதிப்பது அவர்கள் நோக்கம் இல்லை, அது எழுத்துத் தேர்விலேயே முடிந்துவிட்டது. வக்கீல் செய்கிற குறுக்கு விசாரணையும் கிடையாது. ஒரு நோக்கத்தோடு நடக்கிற இயல்பான உரையாடல், அவ்வளவுதான். மனம் விழிப்பாக இருக்கிறதா, சொல்வதைத் தெளிவாகக் கோவையாகச் சொல்ல வருகிறதா, தீர்ப்பில் நிதானம் இருக்கிறதா, நாலு விஷயத்தில் ஆர்வம் உண்டா, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போகத் தெரியுமா, நேர்மை உண்டா - இதைத்தான் பார்க்கிறார்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மெயின் தேர்வுக்குப் போகிறவர்கள் ஒரு விரிவான விண்ணப்பம் நிரப்ப வேண்டும். பிள்ளைகள் அதை 'டாஃப்' என்பார்கள். பிறந்த ஊர், படித்த பள்ளி, கல்லூரி, பெற்றோர் தொழில், பொழுதுபோக்கு, விளையாட்டு, வகித்த பொறுப்புகள் எல்லாம் அதில் கேட்பார்கள். கேள்விகளில் பெரும்பகுதி அதிலிருந்துதான் முளைக்கும். யோசித்துப் பாருங்கள், இந்தத் தேர்வு முழுவதிலும் நீங்களே பாடத்திட்டம் எழுதிக்கொள்கிற ஒரே தாள் இதுதான். அந்தத் தாளில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் தங்களை ஒளித்துக்கொள்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஒரு தங்கை வந்தாள். சாத்தூர் பக்கம். பெற்றோர் தொழில் என்ற இடத்தில் 'தனியார் துறை ஊழியர்' என்று எழுதியிருந்தாள். "எந்த நிறுவனம்மா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "தீப்பெட்டி ஆபீஸ் சார்" என்றாள். அதோடு அந்தப் பேச்சை முடித்துவிடத் துடிப்பது தெரிந்தது. எங்கள் குழுவில் இருந்த இன்னொருவர் விடவில்லை. "பதினாலு வருஷமா ஒரு ரூபாய்க்கு வித்த தீப்பெட்டி 2021 டிசம்பர்ல ஏன் ரெண்டு ரூபாய் ஆச்சு?" என்று கேட்டார். அவ்வளவுதான், அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிவப்புப் பாஸ்பரஸ் விலை, மெழுகு விலை, அட்டை விலை, கையால் செய்கிற சிறு பட்டறை எப்படி மெஷினோடு போட்டி போட முடியாமல் மூடுகிறது, பிளாஸ்டிக் லைட்டர் வந்த பிறகு விற்பனை எப்படிப் படுத்தது, 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு ஏன் தடை போட்டது, அதனால் அவள் தெருவில் எத்தனை வீட்டில் வேலை திரும்பியது - ஐந்து நிமிடம் பேசினாள். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. அதற்கு முன்னால் பணவீக்கத்தைப் பற்றி அவள் சொன்னது புத்தகத்தில் இருந்தது. இது அவள் வீட்டுத் திண்ணையில் இருந்தது. எது மனசில் நின்றது என்று நான் சொல்ல வேண்டுமா?

இன்னொரு தம்பி. பொழுதுபோக்கு 'புகைப்படக் கலை' என்று போட்டிருந்தான். கேமராவைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டதும் வியர்த்துவிட்டது. "உண்மையில சாயங்காலம் என்னப்பா பண்ணுவ?" என்றால், "கபடி சார். ஒன்றிய அளவுல ஆடியிருக்கேன்" என்கிறான். "அதை ஏன் எழுதல?" என்றால், "அது கிராமத்து ஆட்டம் சார்" என்கிறான். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்க்கப்பட்டது முதல் தொடர்ந்து தங்கம் வாங்கிய இந்திய ஆண்கள் அணி, 2018இல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரானிடம் தோற்றது. ஏன் தோற்றது, 2023இல் ஹாங்சோவில் எப்படி மீண்டும் வென்றது என்று அவனைக் கேட்டால் அரை மணி நேரம் போதாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, விண்ணப்பத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். உங்கள் ஊருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது? உங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஏன் இப்போது வருவதில்லை? கரிசலில் பருத்தி போட்டவர்கள் ஏன் மக்காச்சோளத்துக்கு மாறினார்கள்? கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதனால் கடலை போட்ட சம்சாரிக்கு என்ன கிடைத்தது? உங்கள் பாடத்துக்கும் நிர்வாகத்துக்கும் என்ன சம்பந்தம்? இதற்கெல்லாம் கோச்சிங் சென்டரில் நோட்ஸ் கிடைக்காது. அப்பாவிடமும், சித்தப்பாவிடமும், தலையாரியிடமும், வி.ஏ.ஓ.விடமும் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நாளைக்கு நீங்கள் செய்யப்போகும் வேலையே அதுதானே!

அடுத்து ஆங்கிலம். நம் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்குவது இதுதான். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மெயின் தேர்வைத் தமிழில் எழுதியவர் நேர்முகத்தையும் தமிழில் சந்திக்கலாம். ஆங்கிலத்தில் எழுதியவரும், கட்டாய இந்திய மொழித் தாளாகத் தமிழை எடுத்திருந்தால், தமிழைத் தேர்ந்துகொள்ள வழி உண்டு. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உடன் இருப்பார். தமிழைத் தேர்ந்தால் ஒரு சங்கடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்னது இன்னொருவர் வாய் வழியாகத்தான் போகும். ஆகவே நீட்டி முழக்காமல், சின்னச் சின்ன வாக்கியமாக, ஒரு கருத்து முடிந்த பிறகு அடுத்தது என்று பேசிப் பழக வேண்டும். ஆங்கிலத்தில் பேசுவதானால் உங்களுக்கு வருகிற ஆங்கிலத்தில் பேசுங்கள். கடன் வாங்கிய உச்சரிப்பு வேண்டாம். நம் ஊர் வாடையோடு பேசுகிற ஆங்கிலத்தைக் கேட்டுக் கேட்டு டெல்லிக்காரர்களுக்குப் பழகிவிட்டது.

மூன்றாவது, தெரியாத கேள்வி. இதில் மூன்று ரகம் உண்டு. சுத்தமாகத் தெரியாது என்றால், "மன்னிக்கவும் ஐயா, எனக்குத் தெரியவில்லை" என்று முகத்தைச் சுருக்காமல் சொல்லிவிடுங்கள். பாதி தெரியும் என்றால், தெரிந்த பாதியைச் சொல்லி அதோடு நிறுத்துங்கள். ஊகிக்க முடியும் என்றால், "இது என் ஊகம்தான், சொல்லலாமா?" என்று அனுமதி கேளுங்கள். கதை விடுவதுதான் கூடவே கூடாது. எதிரே இருப்பவர்களில் ஒருவர் அந்தத் துறையிலேயே முப்பது வருடம் உழைத்தவராக இருக்கலாம். தெரியாததைத் தெரிந்ததுபோல் கோப்பில் எழுதுகிற அதிகாரியால் எத்தனை குடும்பம் அலைகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். நேர்மை என்ற குணத்தை அவர்கள் சோதிக்கிற இடம் பெரும்பாலும் இதுதான். லஞ்சம் வாங்குவாயா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

நான்காவது, கருத்துக் கேள்விகள். சிவகாசிப் பிள்ளையிடம், "டெல்லியில் குழந்தைகள் மூச்சு விட முடியாமல் தவிக்கின்றன, பட்டாசைத் தடை செய்தால் என்ன?" என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். "எங்க ஊர் பிழைப்பு போயிரும் சார்" என்று மட்டும் சொன்னால் அது ஊர்ப்பாசம். "ஆமாம் சார், தடை செய்ய வேண்டியதுதான்" என்றால் அது ஆமாம்சாமி. மூச்சுத் திணறுகிற குழந்தையும் நிஜம், வெடி ஆலையில் கூலி வாங்குகிற தாயும் நிஜம் என்பதில் தொடங்க வேண்டும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் முழுத் தடை போடாமல், பேரியம் உப்பும் சரவெடியும் கூடாது, பசுமைப் பட்டாசும் குறித்த நேரமும் போதும் என்று ஒரு நடுவழி காட்டியதையும், அதை நடைமுறைப்படுத்துவதில் உள்ள சிரமத்தையும் சொல்ல வேண்டும். பிறகு, "நான் அந்த மாவட்டத்தில் பணியில் இருந்தால் இன்னது செய்வேன்" என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும். இரண்டு பக்கமும் பேசிவிட்டு நடுவில் தொங்குகிறவரை யாரும் கலெக்டராக்க மாட்டார்கள்.

ஐந்தாவது, அழுத்தம். உங்கள் முடிவையே அசைத்துப் பார்ப்பார்கள். இதற்குச் சென்னையில் படித்த இரண்டு பெண்மணிகளை உதாரணம் சொல்ல ஆசைப்படுகிறேன். குடகில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சி.பி. முத்தம்மா, 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். பெண்ணுக்கு அந்தப் பணி சரிப்படாது என்று நேர்முகக் குழுவே அவரைத் தடுத்துப் பார்த்தது. அவர் அசையவில்லை. 1951ஆம் ஆண்டுத் தொகுதியில் ஐ.ஏ.எஸ். ஆன முதல் பெண்மணி அன்னா ராஜம் ஜார்ஜ், கேரளத்தில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அவரிடம், வெளியுறவுப் பணியோ வேறு மத்தியப் பணிகளோதான் பெண்களுக்கு ஏற்றவை, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்று குழு சொன்னது. முத்தம்மாவிடம் வேண்டாம் என்ற அதே வெளியுறவுப் பணிதான், இவரிடம் பெண்ணுக்கு ஏற்றதாகிவிட்டது, பார்த்தீர்களா! அவரும் தன் விருப்பத்தை மாற்றிக்கொள்ளவில்லை. சென்னை மாநிலத்தையே கேட்டு வாங்கி வந்தார். முதலமைச்சராக இருந்த ராஜாஜிக்கே முதலில் தயக்கம் இருந்தது. பிறகு ஓசூரில் சப் கலெக்டராகப் பொறுப்பேற்றார். 1989இல் பத்மபூஷண் பெற்றார். முத்தம்மா வெளியுறவுப் பணியிலிருந்து தூதரான முதல் பெண்ணாக உயர்ந்து, பணி விதிகளில் பெண்களுக்கு எதிராக இருந்த பாகுபாட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், குழு சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை. ஐந்து பேர் சேர்ந்து தவறாகவும் நினைக்கலாம். அவர்களோடு சண்டை போடாமல், அதே சமயம் பின்வாங்காமல், "ஐயா சொல்வது புரிகிறது, ஆனாலும் என் முடிவு இதுதான், காரணம் இது" என்று சொல்கிற தெம்பு வேண்டும். புதிய காரணம் ஒன்றை அவர்கள் காட்டினால் மனதை மாற்றிக்கொள்ளுங்கள். குரலை உயர்த்தினார்கள் என்பதற்காக மாற்றிக்கொள்ளாதீர்கள்.

உடை, நடை பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. துவைத்துத் தேய்த்த உடை, ஏற்கெனவே நாலு முறை போட்டுப் பழகிய உடை. பெண்களுக்குப் புடவையோ சுடிதாரோ, எது சிரமமில்லையோ அது. உள்ளே போனதும் வணக்கம், சொன்ன பிறகு உட்காருவது, கேட்டவரைப் பார்த்துப் பதில். முதல் நாளே டெல்லி போய்ச் சேர்ந்துவிடுங்கள். இரயில் கட்டணத்தில் இரண்டாம் வகுப்பு அளவுக்குத் தேர்வாணையம் திருப்பித் தருகிறது, டிக்கெட்டைத் தொலைக்காதீர்கள். சென்னையில் தமிழக அரசின் பயிற்சி மையம் மாதிரி ஆளுமைத் தேர்வு நடத்துகிறது. ஒன்றிரண்டு மாதிரித் தேர்வு போதும். பத்துப் பதினைந்து இடத்துக்குப் போய் ஒவ்வொருவர் சொல்கிற திருத்தத்தையும் ஏற்றுக்கொண்டால், கடைசியில் உங்கள் சொந்தக் குரல் காணாமல் போய்விடும்.

இனி, யாரும் பேச விரும்பாத ஒன்று. 2,855 பேரில் 1,016 பேர் போக மீதி 1,839 பேர். அத்தனை பேரும் ஊருக்குத் திரும்பி வந்தார்கள். இதற்கு 'ஆளுமைத் தேர்வு' என்று பெயர் வைத்ததில் ஒரு கெடுதல் இருக்கிறது. கணக்கில் ஃபெயில் ஆனால் கணக்கு வரவில்லை என்போம். இதில் பெயர் வராவிட்டால், தன் ஆளுமையே சரியில்லை என்று பிள்ளை நினைத்துவிடுகிறது. வீட்டிலும் தெருவிலும் அப்படியே பேசுகிறார்கள். அரை மணி நேரத்தில், ஐந்து பேர், அன்றைக்குக் கேட்ட கேள்விகளுக்கு வந்த பதிலை வைத்துப் போட்ட மதிப்பெண் அது. அதே பிள்ளை அடுத்த வருடம் நாற்பது மதிப்பெண் கூட வாங்கியதையும், குறைவாக வாங்கியதையும் பார்த்திருக்கிறேன். விருப்பம் தெரிவித்தால், கடைசி வரை வந்து தேர்வாகாதவர்களின் விவரங்களை வேலை தரும் நிறுவனங்கள் பார்க்கிற ஏற்பாட்டைத் தேர்வாணையமே செய்திருக்கிறது, 'பிரதிபா சேது' என்று பெயர். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை திரும்பி வந்த அன்று "என்ன கேட்டாங்க, என்ன சொன்ன?" என்று நீங்கள் இன்னொரு இண்டர்வியூ நடத்தாதீர்கள். சோறு போடுங்கள், தூங்க விடுங்கள்.

கடைசியாக, என் வயது நண்பர்களுக்கு. ஆண்டுதோறும் கூடுகிறோம், போட்டோ எடுக்கிறோம், மலர் போடுகிறோம், நல்லதுதான். நம்மில் டாக்டர் இருக்கிறார், பேங்க் மேனேஜர் இருக்கிறார், தாசில்தாராக இருந்தவர் இருக்கிறார், பட்டறை முதலாளி இருக்கிறார், நல்ல சம்சாரியும் இருக்கிறார். ஒரு நேர்முகக் குழுவுக்கு வேறென்ன வேண்டும்? மாதம் ஒரு சனிக்கிழமை, இதே கல்லூரியின் ஒரு வகுப்பறையில், ஐந்து பேர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருங்கள். பெரிய கேள்வி ஒன்றும் வேண்டாம். "உன் ஊர் எது, அப்பா என்ன செய்கிறார், அதைப் பற்றிச் சொல்லு" என்று கேளுங்கள். பெரியவர்கள் ஐந்து பேர் தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்கிற அனுபவமே பல பிள்ளைகளுக்கு இதுவரை கிடைத்ததில்லை. அது முதல் முறையாக டெல்லியில் கிடைக்க வேண்டாம், இங்கேயே கிடைக்கட்டும். முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன், இன்னும் நாலு பேர் கை தூக்கினால் போதும். பெயர்களைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.